காலி செய்ய என்னிடம் இன்னும் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

தோத்திரம். இராமேஸ்வரம் தீவில் ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். வயது 54. மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு விசைப்படகுக்கு நான் சம்மாட்டி, அதாவது முதலாளி. டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர் என் படகை நம்பிப் பிழைத்தார்கள். ஒரு புதன்கிழமை டோக்கன் வாங்கிக்கொண்டு போன படகு, எல்லை தாண்டிவிட்டதாகப் பிடிபட்டது. ஆள்கள் சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார்கள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. படகு வரவில்லை. அக்கரையில் மற்றப் படகுகளோடு கட்டிக் கிடப்பதை ஒருவர் செல்போனில் படமாகக் காட்டினார். ஒரு பக்கம் தண்ணீரில் சாய்ந்திருந்தது. படகின் முன்பக்க அணியத்தில் நானே பெயின்ட் அடித்து எழுதிய அந்தோனியார் பெயரில் பாதிதான் தெரிந்தது.

கடனுக்கு மனை போனது, மனைவியின் நகை போனது. மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்குப் பணம் கட்டுவது என் மனைவியின் சம்பளம். அவள் நண்டு கம்பெனிக்குப் போகிறாள். விடியற்காலையில் வேன் வரும். நாள் முழுக்க வேகவைத்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. விரல் நுனிகள் ஊறி வெளுத்து, ஓடு கீறிய இடமெல்லாம் கோடு கோடாக இருக்கும். இரவில் செபமாலை சொல்லும்போது மணியைத் தொட முடியாமல், மணிக்கும் மணிக்கும் நடுவில் இருக்கும் கயிற்றைப் பிடித்து உருட்டுகிறாள். நான் மற்றவர்களின் வலைகளை வாங்கிவந்து பொத்திக் கொடுக்கிறேன். கடற்கரையில் உட்கார்ந்து செய்வதில்லை, கொல்லைப்புறத்தில் செய்கிறேன். என் மனைவியின் தம்பிக்குப் படகு இருக்கிறது. 'அத்தான், ஒரு ஆள் குறைகிறது, வாருங்கள்' என்று பல முறை கூப்பிட்டுவிட்டான். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும் முன் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் நன்றாகவே பேசினார். பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில், கிறிஸ்து 'தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார்' என்று வருகிறது அல்லவா, மூன்று நாளும் அதுதான் பொருள். நிறைந்த குடத்தில் ஆண்டவர் எதை ஊற்றுவார், கவிழ்த்துக் காலி செய்யுங்கள், அவர் பிறக்க இடம் விடுங்கள் என்றார். கடைசி நாளில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, எதைக் காலி செய்யப் போகிறோம் என்று எழுதிப் பீடத்தின் முன் இருந்த கூடையில் போடச் சொன்னார்கள். சுற்றிலும் எல்லாரும் எழுதினார்கள். நான் ஒன்றும் எழுதாமல் மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். எனக்குள் கோபம் பொங்கியது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, இன்னும் காலி செய் என்றால் எதை?

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஏதோ மிச்சம் இருப்பதால்தான் ஆண்டவர் வரவில்லை போலும் என்று நானாகச் சிலவற்றை விட்டேன். டீயும் பீடியும் இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு. தரையில் படுக்கை. வீட்டில் மௌனம். ஒரு நாள் என் மனைவி, 'இது நோன்பா, கோபமா?' என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை, மௌனம் கலைந்துவிடும் என்பதால். கோயிலில் பல ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது நான். இந்த ஆண்டு இளைஞர்களிடம் கொடுத்துவிட்டார்கள். 'அவர்களே செய்யட்டும்' என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். இதையும் காலி செய்தாயிற்று என்று எண்ணிக்கொண்டேன். அன்று தூக்கம் வரவில்லை.

போன வாரம், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் ஓர் அரிசிப் பையோடு வந்தார்கள். நானும் அந்தச் சபையில் இருந்தவன். டிசம்பர் வந்தால் இப்படிப் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவன். 'எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள்' என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினேன். அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை.

இப்போது கோயிலில் உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. செபம் வாயில் ஓடுகிறது, உள்ளே வறட்சி. படகுக்கான நிவாரண மனு ஒன்று நிலுவையில் இருக்கிறது. அதையும் திரும்பப் பெற்றுவிட்டால் முழுமையாக வெறுமையாகிவிடுவேனோ என்று யோசிக்கிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்றில் வடகடல் இரையும் இரவுகளில், நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு வயிறு குறையுமே என்ற எண்ணம் வருகிறது. நான் விசுவாசி, செய்யமாட்டேன். ஆனால் எண்ணம் வருகிறது.

கடல் என்னை வெறுமையாக்கியதும் பவுலடியார் சொல்லும் வெறுமையும் ஒன்றுதானா? ஒன்று என்றால் எனக்கு ஏன் அமைதி இல்லை?

இப்படிக்கு,
பழைய சம்மாட்டி ஒருவர்

பதில்

அன்புச் சகோதரருக்கு,

கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரவில் வரும் அந்த எண்ணம் வந்துவிட்டுப் போகிறதா, அல்லது எப்போது, எப்படி என்று திட்டமாக உருவெடுக்கிறதா? திட்டமாகிறது என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்காதீர்கள். மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வந்து போகிற எண்ணம் மட்டும்தான் என்றாலும் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசுவாசிக்கு இப்படி எண்ணம் வராது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. புயலுக்கும் பாலைக்கும் அஞ்சாத இறைவாக்கினர் எலியா, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து 'என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்று கேட்டிருக்கிறார். வானதூதர் வந்து அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ஒரு வயிறு குறையும் என்ற கணக்கு உங்கள் மனைவியின் கணக்கா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். விரல் வெடிக்க வேலைக்குப் போகிறவர் எதற்காகப் போகிறார்?

ஆகவே சாப்பாடு. இன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பிடுங்கள், பாயை விரித்துப் படுங்கள், டீயும் குடியுங்கள். பீடியைத் தொட வேண்டாம். அந்த ஒன்றில் பிரசங்கியாருக்கு என் ஆதரவு உண்டு. மனம் தாழ்ந்து கிடக்கும்போது பட்டினியும் தூக்கக் குறைவும் அதை இன்னும் கீழே இழுக்கும். இது பக்தியைப் பற்றிய கருத்து அல்ல, உடலைப் பற்றியது. திருச்சபையும் உங்களிடம் இதைக் கேட்கவில்லை. நம் வழிபாட்டு முறையில் ஒருசந்தி நோன்பு கட்டாயமாக இருப்பது திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான். திருவருகைக் காலத்தில் குருவானவர் ஊதா உடுத்துகிறார், 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை என்பதால் இதைச் சின்னத் தவக்காலம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அல்லேலூயா நிற்பதில்லை, கவனித்திருப்பீர்கள். தவக்காலத்தில் அது வாயில் வராது. இது காத்திருக்கும் காலம். காத்திருக்கிறவன் சாப்பிட்டுவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. கடல் செய்ததும் பவுலடியார் சொல்வதும் ஒன்று அல்ல. 'தம்மையே' என்று இருக்கிறது பாருங்கள். கிறிஸ்துவிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. கடவுள் நிலையில் இருந்தவர் தாமாக இறங்கினார் என்பதுதான் அந்தப் பாடலின் உயிர். உங்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. அதற்கு இழப்பு என்று பெயர். இழப்புக்குச் செய்ய வேண்டியது துக்கம். அதை நோன்பாக மாற்றிப் பெயர் சூட்டினால் துக்கம் போய்விடாது, கொல்லைப்புறத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் தீவிலேயே இதற்குச் சாட்சி நிற்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையே அலை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் இன்றும் நிற்கின்றன. அந்த ஆண்டும் திருவருகைக் காலம்தான். தப்பிப் பிழைத்து வந்தவர்களிடம் போய், 'உங்களை ஆண்டவர் நன்றாகக் காலி செய்துவிட்டார், இனி நிரப்புவார்' என்று யாராவது சொல்லியிருந்தால் ஊர் அவரை என்ன செய்திருக்கும்? மேடையிலிருந்து பேசும்போது, கேட்கிற கூட்டத்தில் யாருடைய வீட்டில் என்ன போயிருக்கிறது என்பது பிரசங்கியாருக்குத் தெரியாது. அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் குடம் உவமை மீதுதான் வருத்தம். குடத்துக்குக் கடன் கிடையாது, மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டியதும் கிடையாது. கவிழ்த்தால் கவிழும். அன்று நீங்கள் வெற்றுத் தாளைப் போட்டதும் கோபப்பட்டதும் சரியே.

உங்கள் இழப்பில் ஒரு கூடுதல் கஷ்டம் இருக்கிறது. படகு மூழ்கியிருந்தால் ஒரு நாள் அழுது முடித்திருப்பீர்கள். அது அக்கரையில் கிடக்கிறது. படத்தில் பெயர்கூடத் தெரிகிறது. இருக்கிறது, ஆனால் இல்லை. காணாமல் போனவரின் குடும்பத்தார் படும் பாடு இதுதான். முடிவு தெரியாத இழப்பு என்று உளவியலில் இதைத் தனியாகவே பேசுகிறோம். ஏனென்றால் மற்ற இழப்புகளைப் போல இது காலத்தால் எளிதில் ஆறுவதில்லை. 'மூன்று வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா' என்று யாராவது சொன்னால், சொல்கிறவருக்கு விவரம் போதாது என்று விட்டுவிடுங்கள்.

இதிலிருந்தே மனுவைப் பற்றிய கேள்விக்கும் வந்துவிடலாம். திரும்பப் பெறாதீர்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு விதி வைத்திருக்கிறார்: உள்ளம் வறண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. டிசம்பர் 3 அன்று திருவிழா கொண்டாடுகிறோமே, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், அவர் அந்த இஞ்ஞாசியாரிடம் பயிற்சி பெற்றவர்தான். நிவாரணம் உங்கள் ஆணவத்துக்கு வரும் பணம் அல்ல. மகளின் படிப்புக்கும் அடகுக் கடைக்கும் போகவேண்டிய பணம். அதை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்களுக்கு மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

செபத்தில் வறட்சி என்கிறீர்கள். இதில் அவசரப்பட்டு ஆன்மிகப் பெயர் வைக்கக் கூடாது. டிசம்பர் 14 புனித சிலுவை யோவானின் நாள். இறைவனுக்காக எல்லாவற்றையும் விட்டு வெறுமையாவதைப் பற்றி அவரளவு எழுதியவர்கள் குறைவு. 1577 டிசம்பரில் அவருடைய சபைத் துறவிகளே அவரைப் பிடித்துக்கொண்டுபோய்த் தொலேதோ நகரில் ஓர் இருட்டறையில் அடைத்தார்கள். அடுத்த ஆகஸ்டில் தப்பி வெளியே வந்தார். அவர் எழுதியதில் என் தொழிலுக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. செபம் சுவைக்காமல் போவது எல்லாமே ஆண்டவரின் செயல் என்று நினைத்துவிடாதீர்கள், உடம்பும் மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம், வேறுபடுத்திப் பாருங்கள் என்று அடையாளங்கள் சொல்லியிருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் இவ்வளவு நிதானமாக இருந்தார். உங்கள் கடிதத்தைப் படிக்கும் எனக்கு, மனச்சோர்வுக்கான பங்கு பெரிதாகவே தெரிகிறது. மருத்துவரைப் பாருங்கள் என்றது அதற்காகவும்தான். மிச்சம் இருக்கும் வறட்சிக்குத் துணை வேண்டுமென்றால், திருவருகையின் மூன்றாம் ஞாயிறுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் மத்தேயு நற்செய்தியைப் பாருங்கள். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர், பீடத்தில் ரோஜா நிறம். ஆனால் வாசிப்பதோ சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவானைப் பற்றி. யோர்தானில் இயேசுவைச் சுட்டிக்காட்டியவர், இப்போது ஆளனுப்பி, வரவிருப்பவர் நீர்தாமா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். இயேசு கோபப்படவில்லை. கேட்டவரை ஊரறியப் பாராட்டினார்.

இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனிச் சொல்வது அவ்வளவு இனிமையாக இருக்காது.

எழுத எதுவும் இல்லை என்று தாளை மடித்துப் போட்டீர்கள். ஒன்று இருந்தது. அரிசிப் பை.

பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் நான்கே அதிகாரங்கள். தியானத்தில் இரண்டாவதோடு நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. நான்காவதை எடுத்து வைத்து மெதுவாகப் படியுங்கள். அந்தத் திருமுகம் பவுல் சிறையில் இருந்து எழுதியது. பிலிப்பியர் ஓர் ஆளிடம் அவருக்கு உதவி கொடுத்தனுப்பியிருந்தார்கள். அது கிடைத்தது என்று நன்றி சொல்லித்தான் முடிக்கிறார். 'தம்மையே வெறுமையாக்கி' என்ற வரி வருவது, உதவி பெற்றுக்கொண்ட ஒரு மனிதர் எழுதிய நன்றிக் கடிதத்தில்.

பவுல் எளிதில் வாங்குகிறவர் அல்லர் என்பதையும் பாருங்கள். அவர் கூடாரத் தொழிலாளி. கொரிந்தில் கைத்தொழில் செய்து சாப்பிட்டார். உங்களிடம் எதையும் பெறவில்லை, அந்தப் பெருமையை இழப்பதைவிடச் சாவதே மேல் என்கிற அளவுக்கு அந்த ஊராருக்கு எழுதியிருக்கிறார். சம்மாட்டி மனசு அது. உங்களுக்கு நன்றாகவே புரியும். அப்படிப்பட்டவர் பிலிப்பியருக்கு எப்படி நன்றி சொல்கிறார் தெரியுமா? நேராகச் சொல்ல வரவில்லை அவருக்கு. எனக்குக் குறை இருப்பதால் சொல்லவில்லை என்கிறார். வறுமையிலும் வாழத் தெரியும், வளமையிலும் வாழத் தெரியும் என்கிறார். நன்கொடையை நாடிச் சொல்லவில்லை என்று மறுபடியும் ஒருமுறை. நாலு வரி சுற்றிச் சுற்றி வந்த பிறகு, பெற்றுக்கொண்டேன், நிறைவாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும். கிறிஸ்துவின் வெறுமையைப் பற்றி அப்படி ஒரு பாடலை எழுதிவைத்தவருக்கே, ஒருவர் கொடுத்ததை வாங்குவது இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. ஆனால் வாங்கினார்.

இயேசுவும் வாங்கியிருக்கிறார். அவரும் சீடரும் ஊர் ஊராகச் சுற்றியபோது சில பெண்கள் தங்கள் உடைமையைக் கொண்டு அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். நீங்கள் இத்தனை ஆண்டு குடிலில் கிடத்திய குழந்தையும், மற்றவர்கள் சுற்றிவிட்ட துணியில்தான் கிடந்தது. வெறுமையாதல் என்றால் விடுவது, குறைப்பது, பட்டினி கிடப்பது என்று மட்டும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். விடுவதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. வாங்குவதில் அது இல்லை. அதனால்தான் டீயை விடுவது உங்களுக்குச் சுலபமாக இருந்தது.

கொடுக்கிறவன் என்ற அந்த ஓர் இடத்தை மட்டும் கடலால் எடுக்க முடியவில்லை. நீங்கள் விடவும் இல்லை. நீங்கள் பை தூக்கிக்கொண்டு போன நாள்களில் ஏதாவது ஒரு வீட்டுக்காரர் இப்படி மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருந்தால், படியிறங்கும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வாங்கிக்கொண்டவர்களை நீங்கள் மட்டமாக நினைத்தீர்களா? நினைக்கவில்லை என்றால், இப்போது உங்கள் நண்பர்கள் மட்டும் ஏன் நினைப்பார்கள்? அது போக, அந்தப் பை உங்கள் ஒருவருக்கு வந்தது அல்ல. அதை உலையில் போட வேண்டியவரைக் கேட்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அன்று அவர் சாப்பிடவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள்.

நோன்பா கோபமா என்று அவர் கேட்டது முதல் தரமான கேள்வி. என்னைக் கேட்டால் இரண்டும் என்பேன். இன்று இரவு அதற்குப் பதில் சொல்லுங்கள். நீளமாகப் பேச வேண்டாம்; அரிசி விஷயத்தில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் போதும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ காய்ச்சி அவர் விரல்களில் தடவிவிடுங்கள். மௌனம் கலைந்தால் கலையட்டும். இரவில் வரும் எண்ணத்தையும் அவரிடம் மறைக்காதீர்கள். மறுநாள் சபைக்காரர்களில் உங்களுக்கு நெருக்கமானவர் ஒருவரிடம் போய், அந்தப் பை இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். தொண்டை அடைக்கும். பவுலைப் போல நாலு வரி சுற்றி வளைத்துக் கேட்டாலும் பரவாயில்லை.

குடிலைப் பற்றிச் சுருக்கமாக. விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். வருத்தமாக இருக்கிறது என்று பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தே இருக்காது. இளைஞர்கள் கட்டும் இடத்துக்குப் போவதானால், அவர்கள் கேட்டதை மட்டும் எடுத்துக்கொடுங்கள். திருத்தப் போக வேண்டாம், மாட்டுக்கொட்டகை கோணலாக நின்றாலும்.

கடைசியாக, மைத்துனரின் படகு. வலியில்லாத முழங்காலை இத்தனை நாள் பாதுகாத்தது போதும். ஆனால் திருவருகைக்கால வைராக்கியத்தில் நாளைக்கே ஏறிவிடவும் வேண்டாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு, நன்றாகச் சாப்பிட்டு உடம்பில் தெம்பு வந்த பிறகு, காற்று தணிந்த ஒரு நாளில் போங்கள். கடலுக்குள் மனம் எப்படி இருக்கும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த இரவு எண்ணம் இருக்கும்வரை தனியாகக் கடலுக்குப் போக வேண்டாம். அதுவரை வலையைக் கொல்லையிலிருந்து எடுத்துவந்து, மற்றவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பொத்துங்கள். படகில் ஏறும் முன், டீசலும் ஐஸும் கழித்து மிஞ்சுவதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று மைத்துனரிடம் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். அத்தானாயிற்றே என்று அவர் கூடுதலாகக் கொடுக்க வருவார். மற்ற ஆள்களுக்கு என்னவோ அதே பங்கு போதும் என்று சொல்லிவிடுங்கள். உறவுக்காரப் படகாயிற்றே என்று கணக்குப் பேசாமல் விட்டால், ஈஸ்டர் பாஸ்கா வருவதற்குள் இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்